எண்ணிக்கையில் வராதவர்

ஊர் வகுப்பது ஒரு காலத்தில் அரசர் தொழிலாக இருந்தது. பின்னர் வெள்ளைக்காரத் துரைமாரின் தொழிலாயிற்று. இன்று அது நகராண்மை உத்தியோகஸ்தரின் தொழில். நாளை யந்திரத்தின் தொழிலாகிவிடும் என்கிறார்கள். சாலை எவ்வழியே செல்ல வேண்டும், பள்ளிக்கூடம் எங்கே எழ வேண்டும், பஸ் எந்த முச்சந்தியில் நிற்க வேண்டும், எந்த வீட்டு வரிசை இடிபட வேண்டும் என்பனவற்றையெல்லாம் செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறி வித்தை மனிதனைக் காட்டிலும் விரைவாகவும் செம்மையாகவும் தீர்மானித்துவிடும் என்று அறிஞர் பலர் எழுதி வருகின்றனர். அது நியாயமாகுமா என்பதே என் கேள்வி.

இதைப் பற்றி எழுத நீ யார் என்று நேயர்கள் வினவலாம். நான் தானா ராத்தாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாயினும் கணிப்பொறி சாஸ்திரம் பயின்றவன் அல்லன். ஆனால் மனிதரை எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றித் தாளில் அடுக்குவதே என் பிழைப்பு. யந்திரம் உண்ணும் தீனியும் அதுவேயாதலால், இவ்விஷயத்தில் சிறிது பேச எனக்கு உரிமை உண்டென நினைக்கிறேன்.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் தேதி நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு அமுலுக்கு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்நாட்களில் அன்பர் சிலர் அரிசி, மாவு, எண்ணெய் முதலியவற்றைப் பொட்டலமாகக் கட்டித் தோட்டத்துக்கு அனுப்ப முன்வந்து, எத்தனை குடும்பம் என்று கேட்டனர். நான் செக்ரோல் புத்தகத்தை எடுத்தேன். அரை மணி நேரத்தில் பட்டியல் தயாராயிற்று. கூட்டலில் பிழையில்லை, பெயர்களில் பிழையில்லை, ஒரு குடும்பம் இரு முறை வரவில்லை. மெச்சத்தக்க பட்டியல் என்று நானே எண்ணிக்கொண்டேன்.

பொட்டலங்கள் வந்து சேர்ந்த மறுநாள் மாலை, லயத்தின் கோடி வீட்டிலிருக்கும் பாட்டியொருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். "ஏந் தம்பி, நான் செத்துப் போயிட்டேன்னு யாராச்சும் எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். ஓய்வு பெற்ற அன்றே அவர் பெயர் செக்ரோலிலிருந்து அடிக்கப்பட்டுவிட்டது, அடித்தவனும் நானே. மகன் காலமாகிவிட்டார். பேரன் வெளியே காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவன். ஆகவே புகை எழும் அவ்வீட்டில் எங்கள் புத்தகத்தின்படி ஒருவரும் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருந்த வேறு மூன்று குடும்பங்களும் அவ்வாறே இல்லாமற் போயினர் என்பது பின்னர் தெரிந்தது. நால்வர் வீட்டுக்கும் எப்படியோ பொட்டலம் தேடிக் கொடுத்தோம். அது பெரிய காரியமன்று. என் மனத்தை உறுத்தியது வேறு. கணக்கில் தவறே இல்லை. கணக்குத் தொடங்குமுன்பே தவறு நிகழ்ந்துவிட்டிருந்தது.

நிற்க. இந்த யந்திர அறிவு என்பது யாது? தேர்ந்த மண்டோர் ஒருவர், தோளிலிருக்கும் மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை கிலோ இருக்கும் என்று சொல்லிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர் சூத்திரம் எதுவும் படித்தவரல்லர். ஆயிரக்கணக்கான மூட்டைகளைப் பார்த்துப் பழகியவர், அவ்வளவே. செயற்கை நுண்ணறிவும் அவ்வகைப் பழக்கமே. இலட்சக்கணக்கான பழைய உதாரணங்களை அதற்குக் காட்டுகிறார்கள். அவற்றினூடே ஓடும் ஒழுங்கை அது பிடித்துக்கொண்டு, புதிதாக ஒன்றைக் காட்டினால் இது இப்படித்தான் இருக்கும் என்று அநுமானம் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. மண்டோரிடம் எப்படிச் சொன்னீர் என்றால் மூட்டையின் தொங்கலைக் காட்டி ஏதேனும் சொல்வார். யந்திரத்தின் உள்ளே நடப்பதையோ, அதைச் செய்தவர்களே பல சமயங்களில் முழுதும் விளக்க இயலாதவராக இருக்கின்றனர்.

இது நம் நாட்டுக்குப் புதிதுமன்று. சீனாவின் ஹாங்ஜோ நகரில் அலிபாபா கம்பெனியார் 2016-இல் தொடங்கிய 'நகர மூளை' என்னும் ஏற்பாட்டைக் கோலாலம்பூரிலும் நிறுவப்போவதாக 2018 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. மாநகராண்மைக் கழகமும் அதற்கு ஆதரவு தந்தது. வீதியிலுள்ள காமிராக்கள் காண்பனவற்றைத் திரட்டி, சமிக்ஞை விளக்குகளை நேரமறிந்து மாற்றி, ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழி விடச் செய்வது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. 2024 டிசம்பரில் சர்க்கார் இத்துறைக்கென்றே ஒரு தேசிய அலுவலகத்தையும் திறந்துவிட்டது.

யந்திரம் என்றாலே முகத்தைச் சுளிப்பவன் அல்லன் நான். முன்பு கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடந்த சச்சரவுகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தராசுக்காரர் கையசைவில் ஒரு கிலோ போய்விடும். கேட்டால் ஈரக் கழிவு என்பர். இன்று எண் காட்டும் மின்தராசு அந்தச் சண்டையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. ஆனால் அது தீர்த்ததற்குக் காரணம் யாதெனில், அதன் முகம் கிராணியின் பக்கம் மட்டும் திரும்பியிராமல் கொழுந்து கொண்டுவந்தவரின் கண்ணுக்கும் தெரிவதுதான். அதே தராசின் முகத்தை மூடி வைத்துக்கொண்டு, யந்திரம் சொல்கிறது நம்பு என்றால், பழைய தராசே மேல் என்று தோன்றிவிடும். இம்மலையிலும் யந்திரக் கண்ணுக்கு நல்ல வேலை இருக்கிறது. சட்ட விரோதமாகக் காடழித்துச் சரிவுகளைச் சிரைக்கிறவர்களை வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு உடனுக்குடன் கண்டுபிடிக்கலாம். அதைச் செய்தால் முதலில் கை தட்டுபவன் நானாயிருப்பேன்.

ஆனால் பழையதைக் கண்டு பழகிய யந்திரம் பழையதையே நியாயமென்று கருதும் என்பதை நாம் மறக்கலாகாது. நம் தாய்நாட்டுக் கிராமங்களையே எடுத்துக்கொள்வோம். அக்கிரகாரம் ஓரிடத்தில், ஊர் ஓரிடத்தில், சேரி எல்லைக்கு வெளியே, பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில். குளம், கிணறு, கோவில், சுடுகாட்டுப் பாதை எல்லாம் அதற்குத் தக. பல நூற்றாண்டுகளாக ஆயிரமாயிரம் கிராமங்களில் இதே ஒழுங்கு. இக்கிராமங்களின் படங்களையெல்லாம் யந்திரத்துக்குக் காட்டி, புதிதாக ஒரு கிராமம் வகுத்துத் தா என்று கேட்டால் அது என்ன செய்யும்? சேரியைக் கொண்டுபோய்த் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்தான் வைக்கும். அதற்குச் சாதித் துவேஷம் கிடையாது, வஞ்சகமும் கிடையாது. ஒழுங்கைக் கண்டது, ஒழுங்கைப் பின்பற்றியது. மனுநூல் ஒரு வரி கூடப் படியாமலேயே அது மனுவின் வேலையைச் செய்து முடித்துவிடும்.

தோட்டங்கள் மட்டும் என்ன? துரை பங்களா மேட்டின் மேல். கிராணி வீடு இடையில். லயம் கீழே ஓடைப் பக்கம். இதை வகுத்தவருக்கு யந்திரம் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக் கடன் கொடுப்பதற்காக நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறத்தால் தரம் பிரித்து வரைபடம் தீட்டினார்கள். கறுப்பு மக்கள் குடியிருந்த பகுதிகள் சிவப்பாயின. அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பெயர். கடன் இல்லாமையால் வீடுகள் சிதைந்தன. வீடுகள் சிதைந்ததைக் காட்டி மறுபடியும் கடன் மறுக்கப்பட்டது. இன்றைக்கு அந்நகரங்களின் கணக்கை வாசிக்கும் யந்திரம் சிவப்பு மையைக் காணாது. சிதைந்த வீடுகளை மட்டுமே காணும். இப்பகுதி இயல்பிலேயே தாழ்ந்தது என்று முடிவு கட்டும்.

நம்மவர்க்கு ஒரு பழைய நோய் உண்டு. கேடு வந்தால் தலையெழுத்து என்பது. எழுதியவன் யார், எந்த மொழியில் எழுதினான், அதை வாசித்துக் காட்டியது யார் என்று கேட்பதில்லை. சீர்திருத்தக்காரர்கள் எத்தனையோ மேடைகளில் தொண்டை வறளப் பேசி அந்த நோயைச் சிறிது தணித்திருக்கிறார்கள். இப்பொழுது கணிப்பொறியின் தீர்ப்பென்று ஒன்று வந்திருக்கிறது. அதையும் யாராலும் வாசிக்க முடியவில்லை. அதையும் சிலர் மட்டுமே நமக்குச் சொல்கிறார்கள். பட்டதாரிகள் கூட இதன் முன் கைகட்டி நிற்பதைப் பார்க்கும்போது, தலையெழுத்து வேறு உடை உடுத்து வந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இனி, எண்ணிக்கையில் வராதவர்களைப் பற்றி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் 2012-இல் ஒரு யுக்தி செய்தனர். வண்டியோட்டுபவரின் கைத்தொலைபேசி, வண்டி குலுங்குவதை உணர்ந்து சாலைப் பள்ளம் இருக்குமிடத்தைத் தானே நகராண்மைக்குத் தெரிவித்துவிடும். அருமையான யோசனை. ஆனால் அத்தகைய தொலைபேசியும் வண்டியும் யாரிடம் அதிகம்? செல்வர் தெருக்களில் உள்ள சிறு குழிக்கும் முறையீடு போகும். ஏழைத் தெருவில் உள்ள பெரும் பள்ளம் மௌனமாகக் கிடக்கும். நல்ல வேளையாக அந்நகரத்தார் இதை முன்கூட்டியே உணர்ந்து, எல்லாப் பகுதிக்கும் ஒரேமாதிரி செல்லும் தங்கள் சாலைப் பரிசோதகர்களிடம் முதலில் அக்கருவியைக் கொடுத்தார்கள். உணர்ந்தவர் மனிதர் என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி உணரவில்லை.

நம் மலையில் இதைப் பொருத்திப் பாருங்கள். வார இறுதி நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை கார்கள் எறும்பு வரிசையாய் நிற்பது யாவரும் அறிந்த காட்சி. இச்சாலைக்கு ஒரு நகர மூளையை வைத்தால் அது எதை எண்ணும்? கார்களை எண்ணும். காமிராவின் கண்ணுக்குக் கார் பெரியது. மழையில் சாக்குப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையோரம் நடந்துபோகும் தொழிலாளியும், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளும் அதற்குப் பெரிய பொருளாகத் தோன்றுவார்களா? ஸ்ட்ராபெரி பறிக்க வந்த விருந்தினரின் அரை மணி நேரத் தாமதம் புள்ளியாகப் பதியும். நடப்பவருக்கு ஒரு நடைபாதை இல்லாத குறை பதியாது. இல்லாத பாதையில் எவர் நடந்தார் என்று யார் எண்ணுவது?

தோட்டத்தின் நிலை இன்னும் விசித்திரம். தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால், பட்டணத்து ஜனங்களுக்குக் கிடைக்கும் நகராண்மைச் சேவைகள் பல லயங்களுக்கு நீண்ட காலம் எட்டாமலே இருந்தன. சேவை இல்லாத இடத்தில் பதிவேடும் இல்லை. வானிலிருந்து பார்க்கும் யந்திரக் கண்ணுக்கு நாம் தேயிலைப் பச்சையின் நடுவே சில தகரக் கூரைகள். செமாய் பழங்குடியினரின் கதியோ நம்மினும் மோசம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அவர்கள் ஆண்டுவரும் நிலத்துக்குப் பல இடங்களில் பத்திரமே இல்லை. 1885-இல் இம்மலையைக் கண்ட வில்லியம் கேமரன், தாம் கண்ட சமவெளியை வரைபடத்தில் திட்டமாகக் குறிக்காமற் போனார் என்றும், பின்வந்தவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள் என்றும் சொல்வர். செமாய் மக்கள் அப்பொழுதும் அங்கே வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்! தேடி அலைந்தவர்கள் அவர்களைக் கேட்டிருக்கலாம்.

2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நடந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பெருமழையில் ரிங்லெட் சுல்தான் அபுபக்கார் அணையின் நீர்மட்டம் உயர்ந்தது, மதகைத் திறந்துவிட்டார்கள், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. மேலே காடழித்ததால் மண் சரிந்து வந்து, 1963-இல் கட்டப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தைத் தூர்த்திருந்தது. கீழே ஆற்றையொட்டிய நிலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளரும் பிறரும் குடிசைகள் போட்டிருந்தார்கள். சட்டப்படி அங்கே குடியிருப்பு இருக்கக் கூடாது; ஆதலால் சட்டத்தின் தாளில் இல்லை. இருக்கக் கூடாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. பத்திரப்படியான நிலக்கணக்கை மட்டும் யந்திரத்துக்கு ஊட்டி, ஆபத்து எங்கே குறைவு என்று கேட்டால், ஆளில்லா ஆற்றங்கரை என்று அது அந்த இடத்தையே காட்டக் கூடும்.

சரி, எல்லோரையும் எண்ணிவிட்டால் குறை தீருமா என்று கேட்கலாம். நானும் சில காலம் அப்படித்தான் நம்பினேன். புக்கிட் கியாராவின் கதை என் நம்பிக்கையை அசைத்தது.

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதிக்கு அருகே புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டம் இருந்தது. 1970-களில் சர்க்கார் அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே பால் மரம் வெட்டிய நம்மவர் குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்திலிருந்து நீள வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். தற்காலிகம் என்று சொல்லப்பட்டது. நிரந்தர வீடு வரும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு தலைமுறை கழிந்தது; வீடு வரவில்லை. பின்னர் 2017-இல், பக்கத்திலுள்ள தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்காவின் ஒரு பகுதியில் வானளாவிய மாடிக் கட்டடங்கள் பல எழுப்ப அநுமதி கொடுக்கப்பட்டது. அவற்றோடு நீள வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கட்டடம் என்பது ஏற்பாடு. பூங்காவைக் காக்க அக்கம்பக்கத்தார் வழக்காடினர். நீள வீட்டுக்காரரின் சங்கமோ கட்டடம் வேண்டும் என்ற பக்கம் நின்றது. 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த அநுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன் அம்மையார். மாநகரத் தலைவர் தம் இஷ்டப்படி கட்டமைப்புத் திட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது, தம் முடிவுக்குக் காரணம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று.

காரணம் சொல்லும் கடமை! இதுவே நான் பற்றிக்கொள்ளும் கொம்பு. நாளை ஒரு மாநகரத் தலைவர், 'யந்திரம் இப்படிக் கணித்தது' என்று சொன்னால் அது காரணமாகுமா? ஆகாது. அது என் செக்ரோலைக் காட்டி, பாட்டி, புத்தகத்தில் உங்கள் பெயர் இல்லை என்று நான் சொல்லியிருக்கக் கூடிய பதிலைப் போன்றது. உண்மைதான், ஆனால் காரணமன்று.

இவ்வழக்கில் இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் நீதிமன்றத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனால் நேர்மையாகாது. பூங்கா காப்பாற்றப்பட்டது; நீள வீட்டுக் குடும்பங்கள் அதே பழைய கூரையின் கீழேயே அன்று படுத்துறங்கினார்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது. இந்தச் சிக்கலை யந்திரத்திடம் கொடுத்தால், இத்தனை ஏக்கர் பசுமை, இத்தனை வீடு, இத்தனை வெள்ளி என்று நொடியில் ஆயிரம் விதமாகக் கூட்டிக் கழித்து ஒன்றைச் சிறந்ததென்று நீட்டும். அக்குடும்பங்கள் ஒவ்வொன்றும் அதன் எண்ணிக்கையில் சரியாக வந்திருக்கும். வராமல் விட்டது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த வாக்கு. வாக்குக்குப் பட்டியலில் கட்டம் கிடையாது. அதை ஓர் எண்ணாக மாற்றி இத்தனை மதிப்பென்று எழுதிக்கொள்ளலாமே என்பார் உளர். எழுதலாம், ஆனால் எழுதிய அக்கணமே அது வாக்காக இராமல் விலையாகிவிடுகிறது. பட்ட கடனை நினைத்து வெட்கப்படக் கூடிய ஒருவர் இருந்தால்தான் வாக்கு வாக்காக இருக்கும். யந்திரம் வெட்கப்படுவதில்லை.

மனித உத்தியோகஸ்தர் மட்டும் வெட்கப்பட்டாரா என்று என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டு நகைத்தார். லஞ்சம் வாங்குபவனும், சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுபவனும், தோட்டத்தான் தானே என்று கோப்பை மூடுபவனும் மனிதர்தாமே. யந்திரத்துக்கு மாமனும் மச்சானும் உண்டோ என்பது அவர் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. நேர்மையற்ற கைகளிலிருந்து சில முடிவுகளையாவது பறித்து யந்திரத்திடம் கொடுப்பது நலமே. ஆனால் மாமன் மச்சான் யந்திரத்துக்கு வெளியே ஒழிந்துபோகிறார்களா, அல்லது அதன் பின்னே போய் உட்கார்ந்துகொள்கிறார்களா? எந்தக் கணக்கை ஊட்டுவது, எதைப் பெரிதென்று கருதச் சொல்வது, எந்த விடை வந்தால் ஏற்பது, எது வந்தால் மீண்டும் கணக்கிடச் சொல்வது என்பனவெல்லாம் மனிதர் செய்வனவே.

நியூயார்க்கில் 1970-களின் தொடக்கத்தில் இது நடந்திருக்கிறது. செலவைக் குறைக்க எந்தத் தீயணைப்பு நிலையங்களை மூடலாம் என்று ராண்டு என்னும் ஆராய்ச்சி நிலையத்தாரின் கணிப்பொறிக் கணக்கைத் துணைக்கொண்டனர். வண்டி போய்ச் சேரும் நேரத்தையே அக்கணக்கு பிரதானமாகக் கொண்டது. கடைசியில், தீ மிகுதியாக எரிந்துகொண்டிருந்த பிராங்ஸ் முதலிய ஏழைப் பகுதிகளில் நிலையங்கள் மூடப்பட்டன. யார் மூடியது என்று கேட்டால் கணக்கு மூடியது! திட்டுவதற்கு ஒரு முகம் இல்லாமற் போனதுதான் அம்மக்களுக்கு நேர்ந்த இரண்டாவது தீங்கு. லஞ்சம் வாங்கும் உத்தியோகஸ்தரையாவது பெயர் சொல்லிப் பத்திரிகையில் எழுதலாம்.

2024 செப்டம்பரில் நம் அரசாங்கம் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறை ஏடொன்றை வெளியிட்டிருக்கிறது. நியாயம், வெளிப்படை, பொறுப்பு, எல்லோரையும் உள்ளடக்குதல் உட்பட ஏழு கொள்கைகள் அதில் உள. நல்ல சொற்களே; ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவினவேயன்றிக் கட்டாயச் சட்டமல்ல. அதைவிடப் பழையதும் பல்லுள்ளதுமான ஒன்று நம் கையில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் நகலை முடிவு செய்யுமுன் ஜனங்களின் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் எழுதிக் கொடுக்கலாம். அந்த நகலை மனிதர் வரைந்தாலும் யந்திரம் வரைந்தாலும் இவ்வுரிமை போய்விடவில்லை. இதன்படி நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் மாவட்ட மன்றத்துக்குப் போய் அந்த நகலைப் பார்த்திருக்கிறோம்? நான் முதன்முதலாகப் போனது பாட்டி கேட்ட கேள்விக்குப் பிறகுதான்.

இன்று என் மேசையில் செக்ரோலுக்குப் பக்கத்தில் வேறொரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஆபீஸ் அதைக் கேட்கவில்லை, கேட்டால் கொடுப்பேன். லயத்தில் குடியிருந்தும் செக்ரோலில் இல்லாதவர்கள் அதில் இருக்கிறார்கள்: ஓய்ந்தவர், ஒப்பந்தத்தார், பிறந்த பிள்ளை, மருமகளாக வந்தவர். முதல் பெயர் அந்தப் பாட்டியுடையது. எழுதும்போது வயதென்ன பாட்டி என்று கேட்டேன். அடையாள அட்டையில் இருப்பது ஒன்று, உண்மையில் வேறு என்றார்; பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிச் சொல்லிவிட்டாராம். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.